மேல் கப்போர்டு விளக்கு: ஹாலோஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி போட எந்த வழி தேறும்?

பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் மாடுலர் கிச்சன் போட்ட ஃபிளாட்டுகள் பலவற்றில் மேல் கப்போர்டின் அடிப்பலகையில் வட்ட வட்டமாக நாலைந்து விளக்குகள் பதித்திருப்பார்கள். கண்ணாடி மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பல்பு, அதன் கீழே இரண்டு ஊசிக் கம்பிகள். ஜி4 ஹாலோஜன், 12 வோல்ட், 20 வாட். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சுவிட்சைத் தட்டிப் பார்த்து மெச்சிய விளக்கு அது. இன்றைக்கு அதில் இரண்டு எரிந்தாலே அதிகம். மூன்றாவது நினைத்தால் எரியும், மிச்சம் இருப்பவை பியூஸ் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாற்றலாம் என்று கிளம்பினால் எதிரே நாலு வழி நிற்கும். பழைய வட்டத்துக்குள்ளேயே எல்.இ.டி பல்பைச் செருகுவது ஒன்று. பல்போடு சேர்த்து மின்சாரம் கொடுக்கும் பெட்டியையும் மாற்றுவது இரண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் ஸ்ட்ரிப் லைட் ஓட்டுவது மூன்று. 12 வோல்ட் சமாச்சாரமே வேண்டாம் என்று நேரடி 230 வோல்ட் டி5 பட்டி விளக்கை மாட்டுவது நாலு. கடைக்காரர் முதல் வழியைச் சொல்வார், இன்டீரியர்காரர் மூன்றாவதை, எலக்ட்ரீஷியன் நாலாவதை. அவரவர் கையில் எது இருக்கிறதோ அதுதான் அவரவர் ஆலோசனை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பல்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கப்போர்டுக்கு மேலே தூசிக்குள் கிடக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து முடிவெடுங்கள்.

அதற்கு முன், ஹாலோஜனையே வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். ஹாலோஜன் வெளிச்சத்தில் நிறங்கள் அதனதன் நிறத்தில் தெரியும். பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ என்று ஓர் அளவு உண்டு. ஹாலோஜன் அதில் 100-ஐ ஒட்டி நிற்கும். மிளகாய்ப் பொடியின் சிவப்பும் கறிவேப்பிலையின் பச்சையும் அதன் கீழே இருப்பதுபோல மலிவான எல்.இ.டி-யில் இருக்காது. இதை ஹாலோஜன் பிரியர்கள் சும்மா சொல்லவில்லை.

தொல்லை சூட்டில் இருக்கிறது. ஹாலோஜன் பல்பு சரியாக வேலை செய்யவே அதன் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்க வேண்டும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடி போடாமல் குவார்ட்ஸில் செய்கிறார்கள், வெறும் விரலால் தொடாதே என்கிறார்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். இப்படி ஐந்து பல்பு என்றால் 100 வாட், கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகவே இறங்குகிறது. அது நேராக ஏறுவது மேலே இருக்கும் தட்டுக்கு. அங்கே வைத்த நெய் மார்கழியிலும் உருகியே இருக்கும், வெல்லம் கசியும், அடிப்பலகையின் லேமினேட்டில் பழுப்பு வட்டம் விழும். சென்னை மே மாதத்தில் அடுப்பங்கரையில் நிற்பவருக்கு முகத்துக்கு நேரே இன்னொரு 100 வாட் சூடு யாரும் கேட்காத சீர்.

ஆயுளும் குறைவு. நல்ல கம்பெனி ஜி4 ஹாலோஜன் சுமார் 2000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் எரித்தால் ஒன்றரை வருடத்துக்குள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 செப்டம்பரிலிருந்து இந்த வகைப் பல்பைச் சந்தைக்குப் புதிதாக விடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. உலகச் சந்தை கைவிட்ட சரக்கை நம் தெருமுனைக் கடை எத்தனை நாள் வைத்திருக்கும்? ஹாலோஜனோடு தொடர்வதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். ஸ்டூல் போட்டு ஏறி கப்போர்டின் மேல்பலகையிலோ, சிம்னி பக்கத்து இடுக்கிலோ, லாஃப்டின் மூலையிலோ டார்ச் அடித்துத் தேடுங்கள். சுவிட்சிலிருந்து ஒரு வயர் உள்ளே போய், மறுபக்கம் நாலைந்து மெல்லிய வயர்களாகப் பிரியும் ஒரு பெட்டி கிடைக்கும். எலக்ட்ரீஷியன்கள் பலர் அதையும் சோக் என்றுதான் சொல்வார்கள். தொடுவதற்கு முன் மெயினை இறக்கிவிடுங்கள். அதன் ஒரு பக்கம் 12 வோல்ட்தான், மறுபக்கம் முழு 230.

கையில் எடுத்தால் கனமாக, இரும்புக் கட்டிபோல இருந்தால் அது பழைய இரும்புக்கரு டிரான்ஸ்ஃபார்மர். எரியும்போது 'ம்ம்ம்' என்று மெல்ல முனகும். கையில் எடையே தெரியாமல், சோப்புப்பெட்டி அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக்காக இருந்தால் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர். மாடுலர் கிச்சன்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். அதன் மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். '20–60 வாட்', '35–105 வாட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது சின்ன எண்.

எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி, நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரமாக்கி, 12 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிறது. அதன் உள்ளே அந்தத் துடிப்பு தொடங்குவதற்கும் தொடர்வதற்கும் வெளியே குறைந்தபட்சம் ஒரு சுமை இருந்தாக வேண்டும். 100 வாட் ஹாலோஜன் மாட்டியிருந்த இடத்தில் 2 வாட் எல்.இ.டி ஐந்து மாட்டினால் மொத்தம் 10 வாட். சீட்டில் 35 என்று போட்டிருக்கிறது. பாரம் இழுத்தே பழகிய மாட்டுக்குக் காலி வண்டியைப் பூட்டிய கதைதான்: கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், அல்லது ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணையும், அல்லது எரியவே எரியாது. பல்பு டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பாவம், அவர் கொடுத்த பல்பில் பெரும்பாலும் குறையே இருக்காது.

ஆக முதல் வழி, அதாவது பல்பை மட்டும் மாற்றுவது, எலக்ட்ரானிக் பெட்டி இருக்கும் வீட்டில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சில பெட்டிகள் குறைந்த சுமையிலும் ஓடும். 'ஒரு ஹாலோஜனை மட்டும் விட்டு வையுங்க சார், மத்தது எரியும்' என்று எலக்ட்ரீஷியன் தந்திரம் சொல்வார். பெரும்பாலும் எரியத்தான் செய்யும். அந்த ஒன்று சுமையாக நின்று பெட்டியை ஓட வைக்கும். ஆனால் ஐந்தில் நாலு ஒரு நிறம், ஒன்று வேறு நிறம், அதன் மேலே மட்டும் நெய் உருகும். அவசரத்துக்குச் சரி, தீர்வு இல்லை.

எரிந்தாலும் இன்னொரு சங்கடம் உண்டு. ஏ.சி மின்சாரம் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு வருவதால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஹாலோஜன் இழை சூட்டிலேயே இருப்பதால் அந்த இடைவெளியை மறைத்துவிடும். எல்.இ.டி மறைக்காது. அதைச் சமன் செய்ய பல்புக்குள் ஒரு கெப்பாசிட்டர் வேண்டும், சுண்டு விரல் நுனியளவு பல்பில் அதற்கு ஏது இடம்? கேரட்டை வேகமாக நறுக்கிப் பாருங்கள், ஒரு கத்தி மூன்று நாலு கத்தியாகத் தெரியும். மொபைல் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் பார்த்தாலும் பட்டை பட்டையாக ஓடும். சிலருக்கு இது ஒன்றுமே செய்யாது, சிலருக்கு அரை மணியில் தலை வலிக்கும்.

இரும்புக்கரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் குறைந்தபட்சச் சுமை என்ற நிபந்தனை கிடையாது. எவ்வளவு சின்னப் பல்பு மாட்டினாலும் எரியும். ஆனால் 100 வாட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 10 வாட் சுமையில் 12 வோல்ட்டோடு நிற்காது, 13-ஐத் தாண்டுவது சகஜம். வெறும் ரெசிஸ்டரை நம்பிச் செய்த மலிவுப் பல்பு அதில் அதிகமாக எரிந்து சீக்கிரம் கருகும். உறையில் '12 வோல்ட் ஏ.சி/டி.சி' என்று போட்டதாக, முடிந்தால் '10–30 வோல்ட்' என்று தாராளமாகப் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அப்படி வாங்கினால் முதல் வழி இந்த வீட்டுக்கு நன்றாகவே தேறும். செலவு சில நூறு ரூபாய், நேரம் பத்து நிமிடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 20 வாட் ஹாலோஜன் சுமார் 300 லூமென் வெளிச்சம் தரும், 2 வாட் எல்.இ.டி சுமார் 200. பற்றாது என்று 4, 5 வாட் எல்.இ.டி தேடினால் அது மூடிய வட்டத்துக்குள் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் திணறும். எல்.இ.டி-க்கு சூடே கிடையாது என்பது விளம்பரப் பேச்சு. ஹாலோஜன் சூட்டிலேயே வாழும், எல்.இ.டி சூட்டில் சாகும். கண்ணாடி மூடி போட்ட பழைய வட்டம் ஹாலோஜனுக்காகச் செய்தது.

இரண்டாவது வழி, பெட்டியையும் சேர்த்து மாற்றுவது. நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், அதிகம் பேர் யோசிக்காததும் இதுதான். பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் 12 வோல்ட் டி.சி கொடுக்கும் எல்.இ.டி டிரைவர் ஒன்றைப் பொருத்துவது. கடையில் 'கான்ஸ்டன்ட் வோல்டேஜ்' என்று சொல்லிக் கேளுங்கள். டவுன்லைட்டுக்குப் போடும் 'கான்ஸ்டன்ட் கரன்ட்' வகையை, அதாவது 350 மில்லி ஆம்பியர், 700 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்கி வந்துவிட்டால் வேலைக்கு ஆகாது. நேர்மின்சாரம் என்பதால் மினுக்கல் போயிற்று, குறைந்தபட்சச் சுமை என்ற தொல்லை போயிற்று, ஹாலோஜன் காலத்து வயரும் வட்டமும் அப்படியே இருக்கும். சுவரை உடைக்க வேண்டாம், கார்பென்டரைக் கூப்பிட வேண்டாம்.

டிரைவரை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் வாங்குங்கள். இந்த அமைப்பில் முதலில் சாவது பல்பு இல்லை, அதுதான். உங்கள் விளக்குகள் மொத்தம் 24 வாட் என்றால் 30 வாட் டிரைவர் போடுங்கள், அதன் கொள்ளளவில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வேலை வாங்காதீர்கள். பெட்டி மேல் பி.ஐ.எஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் துளை போட்ட தகர மூடியோடு எஸ்.எம்.பி.எஸ் என்ற, இதே வேலையைச் செய்யும் பெட்டி மலிவாகக் கிடைக்கும். பட்டறைக்கும் போர்டுக்கும் அது சரி. தாளிப்புப் புகையும் கரப்பான் பூச்சியும் உலவும் சமையலறைக்கு நாலு பக்கமும் மூடிய டிரைவர்தான் வேண்டும். இளஞ்சூடான இருட்டுப் பெட்டியைக் கரப்பான் எவ்வளவு விரும்பும் என்பது பழைய சோக்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வழி ஸ்ட்ரிப் லைட். வெளிச்சத்தின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை மற்ற எதுவும் நெருங்க முடியாது. வட்ட விளக்கு கீழே ஒரு வட்டத்தில்தான் பளிச்சென்று கொட்டும், இரண்டு வட்டத்துக்கு நடுவில் நிழல். ஸ்ட்ரிப் மேடை நெடுகச் சீராக ஒளி தரும். காய் நறுக்கும்போது சொந்தத் தலையின் நிழல் பலகையில் விழுவதுதான் நம் சமையலறைகளின் நித்தியத் தொல்லை. ஒற்றை டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கும், நாம் அதை மறைத்துக்கொண்டு நிற்போம். மேல் கப்போர்டு விளக்கின் வேலையே அந்த நிழலை எடுப்பதுதான்.

ஆனால் ஸ்ட்ரிப்பை உருளையிலிருந்து பிரித்து, பின்னால் இருக்கும் ஒட்டுத்தாளை உரித்து, நேராகப் பலகையில் ஒட்டுவது பெரும்பாலோர் செய்வது, ஆறு மாதத்தில் வருந்துவது. எண்ணெய்ப் புகை படிந்த லேமினேட்டில் எந்தப் பசையும் நிற்காது. குக்கர் விசில் அடிக்கும் ஆவி நேராக அங்கேதான் போகிறது. ஒரு நாள் காலையில் ஒரு முனை பிரிந்து ரசத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அலுமினியச் சட்டம் ஸ்க்ரூ போட்டு நிற்கும், ஸ்ட்ரிப்பின் சூட்டை வாங்கிப் பரப்பும், அதன் பால்நிற மூடியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சட்டம் இல்லாத ஸ்ட்ரிப் வேலையை நான் சேர்த்தே கணக்கிடுவதில்லை.

அந்தப் பால்நிற மூடிக்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களில் மேடை மங்கலான வெள்ளையாகவோ மரமாகவோ இருக்கும். நம் மேடை பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட். துடைத்து வைத்த கிரானைட்டில் மேலே இருக்கும் ஒவ்வொரு எல்.இ.டி-யும் தனித்தனிப் புள்ளியாகத் திரும்பத் தெரியும், மீட்டருக்கு 60 என்றால் 60-ம். பார்த்துக்கொண்டே நறுக்கினால் கண் கூசும். மீட்டருக்கு 120 எல்.இ.டி இருப்பதை மூடியோடு போட்டால் புள்ளிகள் பெரும்பாலும் கலந்துவிடும். சி.ஓ.பி வகை ஸ்ட்ரிப்பில் புள்ளியே கிடையாது, ஒரே கோடாக எரியும். விலை கொஞ்சம் கூட. கருப்பு கிரானைட் வீட்டுக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

சட்டத்தை எங்கே பொருத்துவது? முன் விளிம்புக்குப் பின்னால், கப்போர்டு கதவு சற்றுக் கீழே இறங்கி மறைக்கும் இடத்தில், சுவரைப் பார்த்துச் சாய்ந்தாற்போல. 45 டிகிரி மூலைச் சட்டம் என்று கேட்டால் கிடைக்கும். பின்னால் சுவரோரம் பொருத்தினால் வேலை சுலபம், ஆனால் டைல்ஸில் மட்டும் வெளிச்சம் வழியும், நறுக்கும் பலகை இருட்டிலேயே இருக்கும். திறந்த சமையலறை என்றால் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். நின்றால் தெரியாத விளக்கு உட்கார்ந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும்.

12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்ற கேள்வி ஸ்ட்ரிப் எடுக்கும்போது வரும். புதிதாக டிரைவர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 24 எடுங்கள். ஒரே வாட்டுக்கு 24 வோல்ட்டில் பாதி மின்னோட்டமே போதும், வயரில் இழக்கும் வோல்ட்டும் பாதிதான். எல்லா விளக்குக்கும் ஒரே வயரில் மின்சாரம் போன பழைய அமைப்பில் கடைசி பல்பு எப்போதும் மங்கலாக எரிந்ததே, காரணம் இதுதான். 100 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க எட்டு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் மூன்று மீட்டர் போய்த் திரும்புவதற்குள் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். ஹாலோஜனில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். அதே வயரில் 24 வாட் ஸ்ட்ரிப்பை 24 வோல்ட்டில் ஓட்டினால் இழப்பு கால் வோல்ட்டுக்கும் கீழே. பழைய வட்டங்களை வைத்துக்கொள்பவர்கள் மட்டும் 12-லேயே நிற்க வேண்டும்.

24 வோல்ட்டில் ஒரு சின்ன அசௌகரியம், சாதாரண ஸ்ட்ரிப்பைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறைதான் வெட்ட முடியும். 12 வோல்ட் என்றால் ஐந்துக்கு ஒரு முறை. சிம்னிக்கு இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு என்று வரும் நம் அமைப்பில் இது பெரிய விஷயம் இல்லை, ஓரத்தில் நாலு விரல்கடை இருட்டு யாருக்கும் தெரியாது. துண்டுகளை இணைக்க கிளிப் கனெக்டர் விற்பார்கள். வேண்டாம், சால்டர் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் எவ்வளவு என்றால், மீட்டருக்கு 8 முதல் 10 வாட் தாராளம். 14 வாட் போட்டால் அறுவை சிகிச்சை அறை. அடுப்புக்கு நேர் மேலே ஸ்ட்ரிப் ஓட்டவே கூடாது, அங்கே சிம்னியின் விளக்கே போதும்.

ஹாஃபலே மாதிரிக் கம்பெனிகள் டிரைவர், வயர், சட்டம், கையை அசைத்தால் எரியும் சென்சார் எல்லாவற்றையும் செருகு முனைகளோடு ஒரே குடும்பமாக விற்கின்றன. வேலை சுத்தம், சால்டரே வேண்டாம், விலையும் அதற்கேற்றபடி. ஏதாவது ஒன்று பழுதானால் அதே குடும்பத்தில்தான் மாற்று தேட வேண்டும். மாவு பிசைந்த கையோடு விளக்கைப் போட சென்சார் சௌகரியம்தான், அது தனியாகவும் கிடைக்கிறது. டிம்மரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சமையலறை விளக்கைக் குறைத்து வைத்து ரசிக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாலாவது, டி5 பட்டி. ஒன்று, இரண்டு, நாலு அடி நீளங்களில் வரும், ஒன்றோடொன்று கோர்க்கலாம், உள்ளேயே டிரைவர். இருக்கிற 230 வோல்ட் லைனில் நேராக மாட்டினால் முடிந்தது. விலையில் இதை எதுவும் அடிக்க முடியாது. வாடகை வீடா, அல்லது இரண்டு வருடத்தில் கிச்சனையே பிரித்துப் போடப் போகிறீர்களா, இதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். சொந்த வீட்டில் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மேல் கப்போர்டின் அடிப்பகுதி ஈரக்கை எட்டும் இடம். மலிவுப் பட்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் டிரைவர் மெயினிலிருந்து பிரிக்கப்படாதது, அதாவது உள்பாகத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம், கோர்ப்பதற்காக ஓரத்தில் இருக்கும் துளைக்கு ஒரு ரப்பர் மூடிதான் காவல். சிங்க்குக்குப் பக்கத்தில் 12 அல்லது 24 வோல்ட் இருப்பதும் 230 இருப்பதும் ஒன்றல்ல. போடத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டில் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த வழியானாலும் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில்தான் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து. டியூப் லைட்டில் வளர்ந்த நமக்கு 6500 கெல்வின், அதாவது கடையில் 'கூல் டே லைட்' என்று தருவதுதான் வெளிச்சம். 3000 கெல்வின் 'வார்ம் ஒயிட்' மஞ்சள் பல்பு. ஹாலோஜன் இருந்தது இந்த 3000-க்குப் பக்கத்தில். எனக்கு மேடைக்கு 4000 பிடிக்கும், 'நேச்சுரல் ஒயிட்' என்று கேட்டால் தருவார்கள். ஆனால் அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. சாம்பார்ப் பொடிக்கு மல்லி வறுக்கும்போது பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே இருப்பது அரை நிமிடம்தான். வெங்காயம் சிவந்ததா, கறி உள்ளே வெந்ததா, தக்காளி தொக்கில் எண்ணெய் பிரிந்ததா, எல்லாம் சிவப்பும் பழுப்பும் பார்த்துச் சொல்வது. மலிவு எல்.இ.டி சிவப்பில்தான் முதலில் கோட்டை விடும், எல்லாமே கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். உறையில் சி.ஆர்.ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். 80 என்றால் விடுங்கள். ஒன்றுமே போடவில்லை என்றால் 80-கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எரியவிட்டு உள்ளங்கையைக் கீழே காட்டிப் பாருங்கள். கை சோகை பிடித்த மாதிரி தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

பணக் கணக்கு எதிர்பார்ப்பது போலப் பிரமாதமாக வராது. ஐந்து ஹாலோஜன், 100 வாட், தினம் நாலு மணி நேரம்: வருடத்துக்கு 146 யூனிட். அதே நேரம் 24 வாட் ஸ்ட்ரிப் எரிந்தால் 35 யூனிட். ஐந்து 2 வாட் பல்பு என்றால் 15-கூட ஆகாது. யூனிட்டுக்குச் சராசரியாக 8 ரூபாய் என்று வைத்தால் ஹாலோஜன் 1,168 ரூபாய், ஸ்ட்ரிப் 280, பல்பு 120-க்கும் கீழே. ஸ்ட்ரிப் வேலைக்கு சட்டம், டிரைவர், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம், நாலாயிரம் ஆகிவிட்டால் கரன்ட் பில்லில் மட்டும் அதை மீட்க மூன்று நாலு வருடம் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொரு பில்லிலும் 490, 510 என்று எல்லையில் நடப்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் குறைவது பெரிய ஆறுதல். மற்றவர்கள் சூடு, நிழல், பியூஸ் தொல்லை இவற்றுக்காக மாற்றுங்கள், பில்லுக்காக வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் லாபம்: கரன்ட் போனபோது 100 வாட்டை பேட்டரியில் ஓட்டப் பயந்து அணைத்துவிடுவோம், 24 வாட்டை அப்படியே எரியவிடலாம்.

ஆகவே மேலே ஏறிப் பார்த்தபோது இரும்புக் கட்டி இருந்தால், அது சூடாகாமல், அதிகம் முனகாமல் இருந்தால், நல்ல ஏ.சி/டி.சி பல்பு வாங்கிச் செருகிவிட்டு இறங்குங்கள். மினுக்கல் உறுத்தினால் அப்புறம் டிரைவரை மாற்றிக்கொள்ளலாம், வாங்கிய பல்பு வீணாகாது. வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் பல்பும் டிரைவரும் சேர்த்தே வாங்குங்கள், பல்பை மட்டும் வாங்கிச் சோதித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். பெயின்ட் அடிக்கவோ கப்போர்டு லேமினேட் மாற்றவோ எப்படியும் ஆள் வரப்போகிறது என்றால், அந்த வேலையோடு 24 வோல்ட் ஸ்ட்ரிப்பைச் சேர்த்துவிடுங்கள். டிரைவரைக் கப்போர்டின் மேலே காற்றுப்படும் இடத்தில், கை எட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் தள்ளி ஜிப்சம் பூசி மூடிவிட்டால் அது போகும் நாளில் சீலிங்கை உடைக்க வேண்டியிருக்கும்.

ஸ்ட்ரிப்புக்கு மாறுபவர்களிடம் எலக்ட்ரீஷியன் சொல்லாமல் விடும் ஒன்று பாக்கி இருக்கிறது: பழைய வட்டங்களைக் கழற்றினால் அடிப்பலகையில் ஐந்து ஓட்டைகள் நிற்கும், கைவிரல்களைச் சேர்த்து நுழைக்கும் அளவு. அப்படியே விட்டால் கரப்பான் கப்போர்டுக்குள் போய்வர வாசல் ஆகிவிடும், பருப்பு டப்பாவிலிருந்து சிந்தியது மேடையில் கொட்டும். பழைய வட்டத்தின் உடலை மட்டும் வயரை வெட்டிவிட்டு அதே இடத்தில் விட்டுவைப்பது சுலபமான வழி, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது. கார்பென்டர் வருகிறார் என்றால் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அதே நிற லேமினேட் ஒட்டி, அடிப்பலகை முழு நீளத்துக்கும் ஒரே பட்டையாக அடித்துவிடச் சொல்லுங்கள். ஓட்டையும் மறையும், பழுப்பு வட்டமும் மறையும், சட்டத்தைப் பிடிக்கப் புதுப் பலகையும் கிடைக்கும். கப்போர்டு கதவு திறக்க மூடத் தட்டுகிறதா என்று மட்டும் அவர் கிளம்புவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.